ஆறு தட்டிலும் நீலம்

எட்டு வாரப் பயிற்சிக்கு வந்தவள் என்பதால் ஆய்வகத்தில் எனக்கு வைத்த பெயரே 'எட்டு வாரம்'. "எட்டு வாரம், அந்த பாட்டில எடு." "எட்டு வாரம், கையுறை போட்டியா?" முதல் வாரம் எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. ஏழாவது வாரத்தில் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால்கூடத் திரும்பியிருக்க மாட்டேன்.

என்னை மேய்க்கும் வேலை ஓர் ஆராய்ச்சி மாணவியின் தலையில் விழுந்திருந்தது. அவளை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஐந்து மாதமாக அக்கா தோல் செல்களை இரண்டு கூட்டமாக வளர்த்து வந்தாள். ஒரு கூட்டத்துக்கு மருந்து உண்டு, இன்னொன்றுக்குக் கிடையாது. பிரிந்து பிரிந்து பெருகும் செல்கள் ஒரு கட்டத்தில் களைத்து நின்றுவிடும். அப்படிக் கிழடு தட்டிய செல் சாயத்தில் நீலமாகும். மருந்து கொடுத்த தட்டுகளில் நீலம் குறைந்திருந்தால் மருந்து வேலை செய்கிறது. திங்கட்கிழமை பத்து மணிக்குப் புரொஃபசர் அந்த எண்களைப் பார்த்து, அக்காவின் உதவித்தொகையை நீட்டிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வார். வேண்டாம் என்றால் அக்கா மூட்டை கட்ட வேண்டியதுதான்.

எண்ணுவது என் வேலை. ஆசைப்படுகிறவள் எண்ணக் கூடாது என்பது அங்கே சட்டம். ஆறு தட்டுகளின் ஓரத்திலும் மருந்து உண்டா இல்லையா என்று எழுதியிருந்ததன்மேல் அக்கா டேப் ஒட்டி, ஒன்று முதல் ஆறு வரை எண் போட்டிருந்தாள். "எது எதுன்னு தெரிஞ்சா கண்ணு பொய் சொல்லும்" என்றாள்.

சனிக்கிழமை மதியம் சாயம் ஊற்றி, தட்டுகளைச் சூட்டுப் பெட்டியில் வைத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன். ஞாயிறு காலை நான் வந்தபோது, வார இறுதியில் வழக்கமாகச் செய்வதுபோல உதவியாளர் அண்ணன் தட்டுகளை எடுத்து நுண்ணோக்கி மேசையில் வைத்திருந்தார். தட்டுக்கு முந்நூறு செல் என்று எண்ணினேன். இருநூற்றுப் பதினொன்று நீலம். நூற்றுத் தொண்ணூற்றெட்டு. இருநூற்று ஐந்து. ஆறு தட்டும் அப்படியே. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

கண்ணைத் தேய்த்துக்கொண்டு எழுந்தேன். எதிரே இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இரண்டு பெட்டிகள். வலதுபுறப் பெட்டிக்கு வெறும் சூடு, இடதுபுறப் பெட்டியில் கரியமில வாயுவும் ஓடும். வாயுப் பெட்டியில் சாயத்தை வைத்தால் அது புளித்துப்போய், இளசான செல்லைக்கூட நீலமாக்கிவிடும். அக்கா இதைப் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பாள். சனிக்கிழமை நான் திறந்தது இடதுபுறக் கதவு. கை வைத்த கைப்பிடி அப்படியே நினைவுக்கு வந்தது.

அண்ணனுக்கு என்ன தெரியும், உள்ளே இருந்ததை எடுத்து வெளியே வைத்திருப்பார் என்று நினைத்தேன். அந்த நினைப்புக்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

அப்போது பார்த்து அம்மா போன் செய்தாள். "என்னடி, கிழட்டு செல்லுக்கு மருந்து கண்டுபிடிச்சாச்சா? முதல்ல என் முட்டிக்கு ரெண்டு சொட்டு எடுத்து வை."

"அப்புறம் பேசறேம்மா."

"குரலே சரியில்லையே?"

"சளி" என்று வைத்துவிட்டேன்.

சாயம் போட்டதிலேயே செல்கள் செத்தாகிவிட்டது, சாயத்தைத் திரும்ப எடுக்க முடியாது. ஐந்து மாதத்தை ஒரே கதவில் பாழாக்கிவிட்டேன். சொன்னால் அக்காவின் முகத்தை எப்படிப் பார்ப்பது? நகத்தால் டேப்பின் ஓரத்தைக் கிளப்பினேன். மருந்து கொடுத்தவை இரண்டு, நான்கு, ஐந்து. அழுத்தி ஒட்டிவிட்டு அந்த மூன்றையும் மறுபடி எண்ணினேன், இந்த முறை வெளிர்நீலத்தை விட்டுவிட்டு. புளித்த சாயம் செய்த அநியாயத்தைத்தானே கழிக்கிறேன்? அறுபத்தொன்று, ஐம்பத்தெட்டு, எழுபது. நோட்டில் எழுதினேன். முதலில் எண்ணிய சீட்டை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன். கிழிக்க மனம் வரவில்லை.

திங்கட்கிழமை ஒன்பதரைக்கு அக்கா டேப்பை உரித்து, எண்களை ஒப்பிட்டுப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு என்னைத் தூக்காத குறையாகக் கட்டிக்கொண்டாள். "எட்டு வாரம், நீ நல்லா இருப்ப!" அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

நடைவழியில் அவள் பின்னாலேயே ஓடினேன். "அக்கா, ஒரு நிமிஷம். சனிக்கிழமை தட்ட வாயுப் பெட்டில வச்சுட்டேன்."

அவள் நிற்காமல் சிரித்தாள். "தெரியும்."

"தெரியுமா?"

"அண்ணன் அன்னிக்கே போன் பண்ணிட்டாரு. நீ படி இறங்குறதுக்குள்ள பார்த்து, சரியான பெட்டிக்கு மாத்திட்டாராம். அஞ்சு நிமிஷம்கூட இருந்திருக்காது. முதல் வருஷம் நானும் வச்சிருக்கேன். சொன்னா நீ பயந்துக்குவியோன்னு விட்டுட்டேன். போ, போய் காபி குடி."

அப்பாடா என்று ஒரே ஒரு மூச்சு வந்தது. அடுத்த மூச்சில் புரிந்தது. சாயம் கெடவே இல்லை. அந்த நீலம் நிஜம். மருந்து ஒன்றும் செய்யவில்லை. அந்த வேலையில் நடந்த ஒரே கோளாறு நான்தான்.

அக்கா புரொஃபசர் அறைக் கதவில் கை வைத்திருந்தாள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். மன்னிப்பு கிடைத்தாகிவிட்டது, ஒருவருக்கும் தெரியப்போவதில்லை.

"அக்கா, நோட்டுல இருக்கிறது பொய். டேப்ப கிளப்பிப் பார்த்துட்டேன். சாயம் கெட்டுப்போச்சுன்னு நினைச்சு வெளிர்நீலத்த விட்டுட்டேன்." சீட்டை நீட்டினேன்.

அவள் படித்தாள். ஆறே எண்கள், அதற்கு அவ்வளவு நேரம். முகம் வெளிறிப்போவதைப் பார்த்தேன். உள்ளே நாற்காலிகள் இழுபடும் சத்தம். "வாம்மா, ஆரம்பிக்கலாம்" என்று புரொஃபசர் குரல் கொடுத்தார்.

அக்கா நோட்டை மூடி என் கையில் திணித்தாள். சீட்டைத் தன் கையில் வைத்துக்கொண்டாள். கதவைத் திறந்து, எனக்காகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

முதல் தடவையாக என் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். "உள்ள வா. எண்ணினது நீதானே, ரெண்டையும் நீயே சொல்லு."