முப்பத்தோரு பேர் வரவில்லை

வெளிச்சம் வருமுன்பே கலவைச் சட்டி நறநறவென்று சுழலத் தொடங்கிவிட்டது. மின்நிலையம் கழித்துக்கட்டிய சாம்பல், உர ஆலை கழித்துக்கட்டிய ஜிப்சம், குவாரி கழித்துக்கட்டிய தூள், கூடவே சுண்ணாம்பு. எல்லாம் புரண்டு, பிசைந்து, அச்சில் நசுங்கி, ஆறாறு கல்லாக வெளியே வந்தது. பெண்கள் பச்சைக் கல்லை இரு கையாலும் ஏந்தினார்கள். கொஞ்சம் அழுத்தினால் உதிரும், கொஞ்சம் தளர்த்தினால் விழும். கைக்குழந்தையைத் தூக்கும் பக்குவம் வேண்டும். ஒரு நாளைக்கு மூவாயிரம் குழந்தை. கையுறை போட்டால் வழுக்கி ஓரம் உடையும். அதனால் கையுறைகள் ஆணியில் தொங்கின, ஆய்வுக்கு வரும் அதிகாரி பார்த்து மகிழ.

வாசல் பலகையில் ‘இங்கே எதுவும் வீணாவதில்லை’ என்று எழுதியிருந்தது. பொய்யில்லை. ஊரார் கொட்டியதையெல்லாம் வாங்கிக் கல்லாக்கிக் காசு பார்க்கத் தெரிந்தவர் முதலாளி. அவர் வீணாக்குவது ஆட்களை மட்டும்தான்.

தண்ணியக்கா ரப்பர் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு அடுக்குகளுக்கு நடுவே நடந்தாள். இரண்டு வாரம், நாளுக்கு மூன்று வேளை அவள் நனைத்தால்தான் கல் கல்லாகும். நனைக்குமுன் ஒவ்வோர் அடுக்கையும் விரலால் தடவிப் பார்ப்பாள், உள்ளே சூடு பிடித்திருக்கிறதா என்று. பதினோரு வருஷம் தடவியதில் கல் வழவழப்பாகவில்லை, விரல்கள் ஆகிவிட்டன.

அதுதான் இப்போது வினை.

போன மாதம் மழைக்குப் பட்டறை பத்து நாள் மூடிக்கிடந்தது. திறந்த அன்று வாசலில் ஒரு கறுப்புப் பெட்டி. கட்டைவிரலை வைத்தால் ஆள் யாரென்று சொல்லுமாம். பத்து நாள் ஓய்ந்த கையில் தோல் வளர்ந்து ரேகை வந்திருந்ததால் எல்லாரையும் அது பதிந்துகொண்டது. மூன்று வாரம் வேலை நடந்ததும் சுண்ணாம்பு அந்த ரேகையைத் தின்றுவிட்டது. சும்மா இருந்த கையைத்தான் பெட்டிக்குத் தெரியும். வேலை செய்கிற கை அதற்கு அந்நியம்.

முந்தாநாள் பெட்டி தண்ணியக்காவை ஏற்கவில்லை. விரலில் சுண்ணாம்பு படிந்திருக்கிறதென்று நினைத்து, உடைந்த கல்லில் கட்டைவிரலைத் தேய் தேயென்று தேய்த்துக் கழுவினாள். மிச்சமிருந்த இரண்டு கோடும் போயிற்று. நேற்றும் ‘வரவில்லை’. தொடர்ந்து மூன்று நாள் வராதவருக்கு வேலை கிடையாது, பட்டறைக்குப் பின்னாலிருக்கும் அறையும் கிடையாது. அந்த அறையில் அவள் புருஷன் இருந்தான். எட்டு வருஷம் சாம்பல் மூட்டை பிரித்தவன். இப்போது சுவரில் சாய்ந்தால்தான் மூச்சு வரும்.

இன்று மூன்றாம் நாள்.

வேலை தொடங்குவது ஐந்து மணிக்கு, வருகைப் பதிவு தொடங்குவது ஏழு மணிக்கு. அது முதலாளியின் ஏற்பாடு. ஏழுக்கு மானேஜர் பெட்டியைத் திறந்தார். தண்ணியக்கா விரலைத் துடைத்துத் துடைத்து ஐந்து தடவை வைத்தாள்.

“மீண்டும் முயற்சிக்கவும்” என்றது உள்ளிருந்த பெண்குரல், மிகுந்த மரியாதையோடு.

“என்ன சார் இது, ஈரம் சொட்டச் சொட்ட உங்க முன்னாடி நிக்கிறேன். நான் வந்தேனா இல்லையா?”

“நான் பார்த்து என்னம்மா ஆகப்போகுது? பெட்டி பார்க்கணுமே.”

“அப்ப பெட்டியையே தண்ணி ஊத்தச் சொல்லுங்க” என்றாள் பின்னால் நின்ற அவள் நாத்தனார். கல் தூக்குகிறவள், கையைவிட வாய்க்குத்தான் பலம் அதிகம்.

கார் வந்து நின்றது. முதலாளி இறங்கினார், எடை குறைத்துக் கட்டிக் கொடுக்கும் கடைக்காரருக்கு வருகிற சிரிப்போடு.

“என்னம்மா, மூணு நாளா வரலையாமே? சாயங்காலத்துக்குள்ள ரூமை ஒப்படைச்சிடு.”

“வராமலா முதலாளி இத்தனை கல்லும் நனைஞ்சிருக்கு?”

“பனி பெஞ்சிருக்கும்.”

மானேஜர் சிரித்தார். அதுவும் அவர் வேலையில் சேர்த்தி.

தண்ணியக்காவின் குரல் இறங்கியது. “அவரை இப்ப எங்கேயும் தூக்கிட்டுப் போக முடியாதுங்க. பாதி வழியிலேயே…”

“எனக்கும் வருத்தம்தாம்மா. அதுக்காக மிஷின் மேல பழி போடலாமா? இதோ பாரு.” தன் கட்டைவிரலை வைத்தார். “நன்றி” என்றது பெட்டி.

“கடையில வாங்கின மாதிரி அப்படியே இருக்கே முதலாளி, உங்க விரலு!” என்றாள் நாத்தனார்.

“உன் விரலை வைடி, பார்க்கலாம்.”

அவள் ரேகை இன்னும் ஒரு வாரம் தாங்கும். வைத்திருக்கலாம். விரலைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள். பிறகு கட்டைவிரலை முஷ்டிக்குள் மடக்கிக்கொண்டு போய் மண்ணில் உட்கார்ந்தாள்.

அடுத்து அச்சு மிஷின்காரர். கிரீஸ் தீர்ந்துவிட்டது என்பதைத் தவிர முதலாளியிடம் வேறெதுவும் பேசியறியாதவர். கைப்பிடி மட்டும் தொடுகிற அவர் ரேகைக்கு ஆபத்தே இல்லை. ஆனால் வரிசையில் நாலாவதாக நின்ற அவர் மனைவி தன் கட்டைவிரலை இன்னொரு கையால் மூடிக்கொண்டு நின்றாள். அவர் பெருமூச்சு விட்டார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்தார்.

பிறகு தண்ணியக்காவும் மற்றவர்களும் ஒவ்வொருவராக. வீரமாக யாரும் உட்காரவில்லை. ஒருத்தி அழுதாள். ஒருவர், “நம்மளையும் சேர்த்துக் கெடுக்குறாங்க” என்று திட்டிக்கொண்டே உட்கார்ந்தார்.

“யோவ் மிஷின்காரரே! சட்டியில கலவை இறுகுதுய்யா! விட்டா சட்டியையே உடைக்கணும்!” என்று கத்தினார் மானேஜர்.

“ஆமாங்க, இறுகும்தான்.” மிஷின்காரர் எழவில்லை. “ஆனா நான் இன்னும் வேலைக்கே வரலீங்களே.”

முதலாளியின் சிரிப்பு போயிற்று. “அப்ப எல்லாரும் ரூமைக் காலி பண்ணுங்க. ஆளா கிடைக்காது எனக்கு?” போனை எடுத்தார்.

ஆள் கிடைக்கும். அது உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் தெரியும். மத்தியானத்துக்குள் ஒரு வண்டி நிறைய வந்து இறங்கலாம். அவர்களுக்கும் பசிதான். அறைப்பக்கம் இருமல் கேட்டது. எழுந்து போகத் துடித்த தண்ணியக்காவை நாத்தனார் இழுத்து உட்காரவைத்தாள்.

“பயமா இருக்குடி.”

“எனக்கு மட்டும் இனிக்குதா? உக்காருங்க அண்ணி.”

வாசலில் சாம்பல் டேங்கர் வந்து நின்று ஹாரன் அடித்தது. கதவைத் திறக்க ஆளில்லை. டிரைவர் தலையை நீட்டினார்.

“என்னங்கடா, ஒருத்தரும் வரலையா இன்னிக்கு?”

“முப்பத்தோரு பேரும் வரலைண்ணே” என்று கத்தினாள் நாத்தனார்.

“டிரைவர், நீ வண்டியை உள்ள விடு!” என்றார் முதலாளி, போனைக் கையால் பொத்திக்கொண்டு.

டிரைவர் முதலாளியைப் பார்த்தார். மண்ணில் இருந்தவர்களை வரிசையாகப் பார்த்தார். எஞ்சின் நின்றது. சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தார்.

“கொஞ்சம் தள்ளிக்கம்மா” என்றார்.

தண்ணியக்கா நகர்ந்து இடம் விட்டாள்.