ஐலித்தோ சாமி

விருந்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும்போது ஒதிலியா முதல் ரொட்டியை அச்சுக்கட்டையிலிருந்து உரித்தாள். உரித்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

சான் மிகேல் நகரத்தில் பழைய கழுதை லாயம் ஒன்று இப்போது ஓவியக்கூடம். அதன் முற்றத்தில் உணவகம். அன்று புதுக் கண்காட்சியின் திறப்பு. சுவர் முழுக்க ஒதிலியாவின் ரொட்டிகள். வேலங்கட்டையில் அவளே செதுக்கிய அச்சில் ஊதாச் சாறு தடவி, அரைவேக்காட்டு மக்காச்சோள ரொட்டியை அதன்மேல் அழுத்தி எடுத்தவை. ஒத்தோமிப் பழங்குடிகளான அவள் ஊர்க்காரர்கள் எல்லோரும் புனிதர்களையும் பூக்களையும் செதுக்குவார்கள். இவள் செதுக்கியது மினிபஸ்ஸில் தூங்கும் பெண்கள், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி, தேசியக் கொடியில் இருக்கும் கள்ளிச்செடியை விட்டுவிட்டுச் செல்போன் கோபுரத்தில் உட்கார்ந்த கழுகு. அப்படி ஒருத்தி அந்த வட்டாரத்திலேயே கிடையாது. அது அவளுக்கும் தெரியும்.

ஆனால் சுவரில் இருந்த அட்டை 'ஒத்தோமி மக்கள் கலை, பெயர் தெரியாதவர்' என்றது. கூடத்தின் இயக்குநர் செவெரினோ லாந்தாவிடம் போன வாரமே கேட்டிருந்தாள்.

"பேரு தெரியாதவர்னு போட்டிருக்கீங்களே சார். என் பேருதான் உங்களுக்குத் தெரியுமே?"

"அதுல என்னம்மா இருக்கு? மக்கள் கலைக்குப் பேரே கிடையாது. அதுதான் அதோட அழகு."

அவருடைய பேர் மட்டும் வாசலில் முழ நீளத்துக்கு இருந்தது.

ஒதிலியா அதோடு விடவில்லை. விருந்தாளிகளின் தட்டில் வைக்கும் ரொட்டிக்கென்று புதுக் கட்டை எடுத்து, கழுகின் காலடியில் தன் பேரைச் செதுக்கினாள். அட்டையில் இல்லாவிட்டால் தட்டில் இருக்கட்டும்.

இருபது வருஷமாகப் படம் மட்டுமே செதுக்கிய கை. பஸ் இடப்பக்கம் போனால் என்ன, வலப்பக்கம் போனால் என்ன? எழுத்து அப்படியா? கட்டையில் நேராகச் செதுக்கிய பேர் ரொட்டியில் இடவலம் மாறி விழுந்திருந்தது. அவர்கள் எழுதும் ரோமன் எழுத்தில் ஒதிலியாவைத் திருப்பிப் போட்டால் கிட்டத்தட்ட 'ஐலித்தோ' என்று வரும். பிழையாகக்கூடத் தெரியவில்லை, யாரோ ஒருவர் பேர் மாதிரியே இருந்தது.

நாத்தனார் எபிபானியா எட்டிப் பார்த்துக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "யாரு மதினி இந்த ஐலித்தோ? எங்கண்ணனுக்குத் தெரியுமா?"

"வாய மூடுடி."

"பழைய கட்டையில போட்டுருங்களேன்."

"பேரில்லாத ரொட்டியா? மாட்டேன். திரும்பியாவது இருக்கட்டும்."

பூசணிப்பூவும் சோளக் காளானும் ஏந்தி அறுபது ரொட்டிகளும் முற்றத்துக்குப் போயின. இருவரும் அடுக்களை ஜன்னலில் காதை வைத்துக்கொண்டார்கள்.

"ஐலித்தோன்னா என்னங்க?" என்று ஒரு விருந்தாளி கேட்டார்.

லாந்தாவுக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லும் வழக்கமும் அவருக்குக் கிடையாது. "ஒத்தோமிகளோட பழைய சோள தெய்வம். வெளிய ரொம்பப் பேருக்குத் தெரியாது," என்றார். மேசையே "ஆகா!" என்றது. ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு கடித்தார்.

எபிபானியா சிலுவை போட்டுக்கொண்டாள். "மதினி, சாமியாயிட்டீங்க! எனக்கொரு நல்ல மாப்பிள்ளையக் காட்டுங்க தாயே."

ஒதிலியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பேர் தெரியாதவளாவது மனுஷி. இப்போது அதுவும் போச்சு.

அந்நேரம் சிவப்புச் சால்வை போர்த்திய ஒரு பெண் ரொட்டியைக் கன்னத்தருகே பிடித்துக்கொண்டு செல்ஃபிக்குச் சிரித்தாள். திரையில்தான் எல்லாம் கண்ணாடி மாதிரி மாறித் தெரியுமே. சிரிப்பு பாதியில் நின்றது.

"இருங்க, இதுல ஒதிலியான்னுல்ல இருக்கு!"

மேசைக்கு மேசை போன்கள் எழுந்தன. "அட, ஒதிலியா!" "எனக்கும் ஒதிலியாதான்!" "யாரு சார் அந்த ஒதிலியா?"

லாந்தா தன் தட்டு ரொட்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ஒதிலியா மாவுக் கையோடு முற்றத்துக்கு வந்தாள். "நான்தாங்க. சாமியெல்லாம் இல்ல. செவுத்துல இருக்கற அத்தனையும் நான் செதுக்கினது. எழுத்தத் திருப்பிச் செதுக்கணும்னு தோணல, அது என் தப்பு. அட்டையில பேரே போடாதது என் தப்பில்ல."

லாந்தாவின் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டு சுவரருகே போனாள். 'பெயர் தெரியாதவர்' என்பதை அடித்துவிட்டு, 'ஒதிலியா பாஸ்கெஸ்' என்று பெரிதாக எழுதினாள்.

"படிங்க சார். சத்தமா."

படித்தார்.

"கடைசி மேசைக்குக் கேக்கல."

லாந்தா தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னும் உரக்கப் படித்தார்.