தொண்ணூற்றாறு கிலோ ஆசிரியர்

1

இந்தக் கதை என் எடையிலிருந்து பிறந்தது. பிரிட்டோரியாவில் என் பக்கத்து வீட்டுக்காரர் ரீக்கர்ட்டும் நானும் சரியாகத் தொண்ணூற்றாறு கிலோ.* மாதத்தில் ஒரு சனிக்கிழமை அவரும் அவர் மனைவி லிசெல்லும் தங்கள் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை ரேஸ் ட்ராக்குக்குக் கொண்டுபோய் மாறி மாறி விரட்டுவார்கள். நடுவே ரீக்கர்ட் காரின் இருபுறமும் நூல் கட்டி, குனிந்து, வீல் அலைன்மென்ட்டைத் திருத்துவார். சக்கரத்தின் தலை எவ்வளவு உள்ளே சாய வேண்டும், மூக்கு எவ்வளவு வெளியே திரும்ப வேண்டும் என்பதெல்லாம் அதில் வரும். அளக்கும்போது இருக்கையில் ஓட்டுபவரின் எடை இருக்க வேண்டும். அவர் வெளியே குனிந்திருப்பதால் உள்ளே நான்.

நான்கு நாவல்கள் எழுதியிருக்கிறேன். நான் இல்லாமல் வேலை ஆகாது என்று என்னை ஒருவர் கூப்பிட்டது இதற்கு மட்டும்தான்.

(* செருப்பு சேர்க்காமல்.)

2

தொடக்கம், முதல் முயற்சி: ‘கதிரவன் தார்ச்சாலையை முத்தமிட்ட அந்த நண்பகலில்…’

(வேண்டாம். வெயில் மண்டையைப் பிளந்தது. யாரும் யாரையும் முத்தமிடவில்லை.)

இரண்டாவது: ‘லிசெல்லுக்கு எழுபத்தைந்து வினாடி ஒரு சுவர்.’

தேவலை. ஒரு சுற்றை எழுபத்தைந்து வினாடிக்குள் முடிக்க மூன்று வருடமாகப் பார்க்கிறார். 75.2க்குக் கீழே இறங்கவில்லை. ரீக்கர்ட்டின் 74.8 அவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில், காந்தத்துக்கு அடியில் இருக்கிறது. திங்கட்கிழமை ட்ராக்கை மூடிப் புதுத் தார் போடப்போகிறார்கள். புதுத் தாரில் எடுக்கும் நேரத்தைப் பழையதோடு ஒப்பிட முடியாது. இன்று மூன்றரை மணிக்கு லிசெல்லுக்குக் கடைசியாக இருபது நிமிடம் இருக்கிறது. அதற்குள் முடியாவிட்டால் ஃப்ரிட்ஜ் கதவு காலாகாலத்துக்கும் ரீக்கர்ட்டுக்கே.

3

“தம்பி, அந்த பில்டாங்கைக் கீழ வை. தொண்ணூத்தாறரை ஆயிடுவே.”

“ஒரே ஒரு துண்டு காஞ்ச கறிதான், ரீக்கர்ட்.”

“பாத்ரூம் தராசைக் கொண்டாந்திருக்கேன், எடுக்கட்டுமா?”

நூலின் மறுமுனையைப் பிடித்திருந்த லிசெல் கேட்டார்: “அடுத்து ஓட்டப்போறது யாரு?”

“நீதான்.”

“அப்ப இவரு எதுக்கு உட்கார்ந்திருக்காரு?”

“எப்பவும் இவருதானே உட்காருவாரு?”

லிசெல் நூலைக் கீழே விட்டார். நான் சிரிக்காமல் இருந்தேன், அது பெரிய காரியம்.

“நான் அம்பத்தெட்டு கிலோ. மூணு வருஷமா உன் தொப்பைக்கு வெச்ச சாய்வுலயா ஓட்டிட்டிருக்கேன்?”

ரீக்கர்ட் சக்கரத்திடம் ஏதோ முணுமுணுத்தார்.

“என்கிட்ட சொல்லு.”

“வித்தியாசம் ரொம்பச் சின்னதும்மா.”

“எவ்வளவு சின்னது? ஒரு கால் வினாடி அளவுக்குச் சின்னதா?”

4

ரீக்கர்ட் ஒரு வஞ்சகமான—

இல்லை. முதல் வரைவில் அவரை வில்லனாக்கி மீசைகூட வைத்தேன். ஒட்டவில்லை. லிசெல் ஓட்டும்போதெல்லாம் இவர் தடுப்புச் சுவரோரம் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். மூன்றாவது வளைவில் கார் திரும்பும்போது இவர் தலையும் அதே பக்கம் சாயும், தான் சாய்ந்தால் அங்கே ரப்பர் கூடுதலாகப் பிடிக்கும் என்பதுபோல. இப்படிப்பட்ட ஆள் வேண்டுமென்றே செய்தாரா, யோசிக்காமல் செய்தாரா? எழுதுகிற எனக்கே தெரியவில்லை. அவருக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

5

முடிவு அ: ரீக்கர்ட் மறுக்கிறார், லிசெல் கோபத்தில் ஓட்டி மணலில் போய்ச் செருகுகிறார். (மலிவு.)

முடிவு ஆ: 74.7. கட்டிப்பிடிக்கிறார்கள். (எனக்கு ஏற்கெனவே சர்க்கரை இருக்கிறது.)

நடந்தது: ரீக்கர்ட் முழங்கால் சொடுக்க எழுந்து கார்க் கதவைத் திறந்தார். “தம்பி, இறங்கு. நூலைப் பிடி. லிசெல், நீ உட்காரு.”

முதல்முறையாக அந்தக் கார் லிசெல்லின் எடையைக் கேட்டுக்கொண்டது. ரீக்கர்ட் இரண்டு முறை அளந்தார். மூன்றாவது முறையும் அளந்தார்.

இப்போது லிசெல்லின் இரண்டாவது சுற்று. தன்னால் பார்க்க முடியாதென்று ஸ்டாப்வாட்ச்சை என்னிடம் தந்துவிட்டு, ரீக்கர்ட் பக்கத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டு, தலையைச் சாய்த்து நிற்கிறார்.

“வந்துட்டாளா தம்பி?”

“கடைசி வளைவு.”

“வாடி… வா…” என்கிறார், தன் 74.8ஐத் தானே விரட்டுகிறவர்போல.

எழுபத்திரண்டு. எழுபத்து மூன்று. என் கட்டைவிரலெல்லாம் பில்டாங் கொழுப்பு, வழுக்குகிறது. தவிர, இருவரையும் எனக்குப் பிடிக்கும். இந்தாருங்கள் வாசகரே, ஸ்டாப்வாட்ச்சை நீங்கள் பிடியுங்கள். சிவப்பு மூக்கு கோட்டைத் தொடும்போது அழுத்துங்கள்.

முன்னாலும் வேண்டாம், பின்னாலும் வேண்டாம்.