சிவப்பு அடித்த மலை

1

இந்தக் கதை என் போனில் பிறந்தது. போன தேர்தல் முடிவு வந்த அன்று தொகுதிக்கு ஒரு நிறம் பூசிய வரைபடத்தை இரண்டு விரலால் விரித்துக்கொண்டே போனேன், எங்கள் வீடு தெரியுமா என்று. தெரியவில்லை. வெறும் நிறம். உடனே அழகுத்தாய் வந்துவிட்டாள். அவள் காலம் 1937. இடம் உடும்பஞ்சோலைப் பக்கம் ஓர் ஏலக்காய்த் தோட்டம்.

2

முதல் தொடக்கம்: 'பனி மூடிய மலைச்சரிவில் விடியல் மெல்ல...' வேண்டாம். வேலைக்கு ஓடுகிறவளுக்குப் பனியைப் பார்க்க ஏது நேரம்?

இரண்டாவது: தேர்தலில் ஜெயித்தவரின் ஆட்கள் சுவக்கீனின் டீக்கடையில் ஒரு தாலூகா படத்தை ஒட்டியிருந்தார்கள். ஜெயித்த இடமெல்லாம் சிவப்பு மை. உடும்பஞ்சோலை முழுக்கச் சிவப்பு.

பார்த்ததும் அழகுத்தாய் வீட்டுப் பக்கம் திரும்பினாள். ஓடினாள்.

"மொக்கையா, செயிச்சவனே இம்புட்டு ஓட்டம் ஓடலடே. ஒம் பொண்டாட்டி ஓடுதா பாரு!" என்றார் சுவக்கீன்.

(அவளுக்குத் தெரிந்த ஒரே படம் தோட்ட ஆபீஸ் சுவரில் இருப்பது. அதில் ஓரிடத்துக்குச் சிவப்பு அடித்தால் அங்கே செடிக்கு நோய். பிடுங்கி எரிப்பார்கள். கூலியாட்கள் குடியிருக்கும் லயத்தைக் காலி செய்து ஆட்களை வேறு மலைக்கு அனுப்புவார்கள்.)

அவள் சட்டிபானையைக் கட்டவில்லை. லயத்துக்குப் பின்னால், போன மழையில் தன் குழந்தையைப் புதைத்த இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

3

புருஷன் மொக்கையனை முதலில் முரடனாக எழுதினேன். அவன் ஒத்துழைக்கவில்லை. பக்கத்தில் வந்து குந்தினான்.

"ஏட்டி, அது ஓட்டுப் படம். செயிச்சவன் மை பூசிருக்கான்."

"நம்மளக் கெளப்ப மாட்டாகளா?"

"மாட்டாக."

"நீ யாருக்குப் போட்ட?"

"நமக்கேது ஓட்டு? நெலவரி கெட்டுறவுகளுக்குல்ல."

"அப்ப அம்புட்டுச் செவப்புலயும் நாம இல்லையா?"

மொக்கையன் சிரிக்க வாயெடுத்து,

(இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை.)

4

ஒரு முடிவில் அவள் படத்தைக் கிழிக்கிறாள். அது என் கோபம், அவளுடையது இல்லை. கோடு போட்டு அடித்துவிட்டேன்.

இன்னொன்றில், மறுநாள் புருஷனை டீக்கடைக்கு இழுத்து வருகிறாள்.

"நம்ம பாப்பா இருக்குற எடம் இதுல எங்கன?"

படத்தில் ஆறு உண்டு, பாதை உண்டு. லயம் கிடையாது. மொக்கையன் விரலை நீட்டுகிறான்.

"ஏலே, தொட்டுராத. பனியில மை ஊறிக் கெடக்கு, கையில ஒட்டும்," என்கிறார் சுவக்கீன்.

விரல் அந்தரத்தில் நிற்கிறது. எங்கே வைத்தாலும் அவள் நம்புவாள். எனக்கு இடம் தெரியவில்லை. நீங்கள் உங்கள் விரலை வைத்துவிடுங்கள். மை ஒட்டினால் ஒட்டட்டும். கொஞ்சம் மெதுவாக மட்டும், குழந்தை தூங்குகிறது.