மூன்றாவது ஊறல்

1

இந்தக் கதை எனக்கு பஸ்ஸில் கிடைத்தது. 1983 கோடையில், கோவில்பட்டி போகிற காலை வண்டியில், முன் இருக்கையில் ஒரு பெண் மடியில் பித்தளைக் குடத்தோடு உட்கார்ந்திருந்தாள். குடத்தின் வாயைத் துணியால் கட்டியிருந்தாள்.

“ஆஸ்பத்திரியில தண்ணி இல்லையாக்கும்?” என்றார் கண்டக்டர்.

“இருக்கு. அவியளுக்கு எறங்க மாட்டேங்கு.”

அவளுக்கு ஆறுமுகத்தாய் என்று பெயர் வைத்தேன். மீதியை, பிற்பாடு அவள் ஊரில் விசாரித்ததும் என் ஊகமுமாகக் கலந்து கட்டினேன். எது எந்தப் பக்கம் என்று இப்போது எனக்கே குழப்பம்.

2

விடிகிற நேரத்தில் ஆறுமுகத்தாய் ஓடைக்கு— (நாலு முறை எழுதி அடித்த தொடக்கம். இருக்கட்டும்.)

அந்தக் கரிசலில் கிணறெல்லாம் உப்பு, பருப்பு வேகாது. காய்ந்த ஓடை மணலில் ஊத்துத் தோண்டினால்தான் குடிநீர். முதலில் ஊறும் கலங்கலைத் தேங்காய்ச் சிரட்டையால் மொண்டு வெளியே கொட்டுவாள். இரண்டாவதையும் கொட்டுவாள். மூன்றாவது ஊறலைத்தான் குடத்தில் ஊற்றுவாள். அத்தனை பொறுமை அந்த ஊரில் வேறு யாருக்கும் கிடையாது.

ஓடைக்கு மேற்கே, பழைய லாரி பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் கொட்டகை இருந்தது. கழுவிய தண்ணீர் ஓடைக்குள் இறங்கும். மணல் எல்லாவற்றையும் வடித்துவிடும் என்று ஊரே நம்பியது. நானும் நம்பியிருப்பேன்.

3

அவள் புருஷன் தவசிக்கு வயிற்றை முறுக்கியது. பருத்திக்காட்டில் களைக்கொத்து கையைவிட்டு நழுவ ஆரம்பித்து, இப்போது இரண்டு மணிக்கட்டும் தொங்கிவிட்டன. ஈறில் ஒரு நீலக்கோடு.

“கிட்னியில கல்லு மாதிரி தெரியுது. தண்ணி நெறையக் குடுங்க” என்றார் டாக்டர்.

அன்றிலிருந்து தினமும் குடத்தோடு பஸ் ஏறினாள்.

“ஏட்டி, இதுதான் தொண்டையில எறங்குது” என்றான் தவசி. “முன்னைக்கு இப்பம் இனிப்பாவும் இருக்கு.”*

[இங்கே ஓர் இளம் டாக்டரை உள்ளே விட்டேன். அவர் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பி— வேண்டாம். அப்படி ஒருவர் வந்ததாக யாரும் சொல்லவில்லை.]

* ஈய உப்பு இனிக்குமாம். கதைக்கு ரொம்ப வசதியாக இருப்பதால் எனக்கே சந்தேகம்.

4

பொறுக்கமாட்டாமல் நானே கதைக்குள் புகுந்து வார்டுக்குப் போனேன்.

“தாயி, அந்தத் தண்ணி வேண்டாம்.”

“ஏன் அண்ணாச்சி? மூணாவது ஊறலாக்கும்.”

“அதுல ஈயம் இருக்கலாம்.”

“இருக்கலாமா, இருக்கா?”

எனக்குத் தெரியவில்லை. கை தொங்கியது ஊர்க்காரர்கள் சொன்னது. நீலக்கோடு, ஈய நஞ்சின் அடையாளமென்று நான் மருத்துவப் புத்தகத்தில் பார்த்துச் சேர்த்தது. காரணம் பருத்திக்கு அடித்த பூச்சிமருந்தாகவும் இருக்கலாம். அந்த ஊத்தை யாரும் சோதிக்கவில்லை. தவசி பிழைத்தான் என்று ஒருவர் சொன்னார், இல்லை என்று இன்னொருவர். இரண்டு முடிவும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் அவள் குடம் சுமந்துகொண்டே இருந்தாள்.

5

ஒன்றை மறைத்துவிட்டேன். அன்று பஸ்ஸில் எனக்குத் தொண்டை வறண்டு இருமல் வந்தது. அவள் துணியை அவிழ்த்து ஒரு தம்ளர் கொடுத்தாள். குடித்தேன். அப்படியொரு நல்ல தண்ணீரை நான் குடித்ததில்லை. அவளைத் தடுக்க எனக்கு என்ன யோக்கியதை என்று அதனால்தான் தடுமாறுகிறேன்.

இப்போது தவசிக்குத் தாகம். அவன் கை தம்ளரைப் பிடிக்காது. அவள்தான் உதட்டருகே வைத்திருக்கிறாள். இதற்குமேல் நான் எழுதவில்லை. நான் அறிந்ததெல்லாம் உங்களுக்கும் தெரியும். தடுப்பதானால் தடுங்கள். அவள் உங்களைத்தான் நிமிர்ந்து பார்க்கிறாள்.

“பின்ன எதைக் குடுக்க?”