அம்மா கொடுத்த கையுறை

மீன் பதப்படுத்தும் ஆலையில் கையுறை இல்லாமல் நின்றால் மேற்பார்வையாளர் வெளியே அனுப்பிவிடுவார். இத்தனை வருஷம் அங்கே வேலை பார்த்த அம்மாவின் கைகளைக் காப்பாற்றியது கையுறைதான். அதனால், பள்ளிக்கூடப் பட்டறை வகுப்பிலிருந்து மகள் உள்ளங்கையெல்லாம் இரும்புச் சீவல் கீறி வந்தபோது, தன்னுடைய துணிக் கையுறை ஒரு ஜோடியை அவள் பையில் திணித்தாள். மெஷினில் அதைப் போடவே கூடாது என்று சார் சொல்லியிருப்பதாக மகள் தயங்கினாள்.

"அவருக்கென்ன, காய்ச்சுப்போன கை. நீ நான் சொல்றதைக் கேளு."

கேட்டாள். துளை போடும் மெஷின் சுழலும்போது துணியில் ஒரு நூல் மாட்டினால் போதும், கையையே உள்ளே இழுத்துவிடும். வெறும் கையாக இருந்தால் கீறலோடு போயிருக்கும் என்று பட்டறை ஆசிரியர் மருத்துவமனை வராந்தாவில் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அந்த நேரத்தில் அவர் அடுத்த மேஜையில் வேறொரு பிள்ளைக்கு ரம்பம் பிடிக்கக் காட்டிக்கொண்டிருந்தாராம்.

மகளின் வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிஞ்சின. எப்போதும் போன் பேசுகிற மாதிரியே இருக்கிறது, இனித் தனியாக போன் வேண்டாம் என்று அவள் சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள். சிரித்த வாயை அறுத்தெறியலாம் போலிருந்தது.

விசாரிக்கத் தலைமையாசிரியை வந்தபோது ஆசிரியர் கதவோரம் நின்றார். கையுறை ஏது என்று கேட்டார்கள்.

"பட்டறை அலமாரியில இருந்துச்சு," என்றாள் மகள். "சார் பார்த்தாரு. ஒண்ணும் சொல்லலை."

ஆசிரியர் வாய் திறந்தார். கட்டுப்போட்ட கையைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். அவர் வேலை அத்தோடு போயிற்று என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

அம்மாவுக்கு முதலில் வந்தது நிம்மதி. வயிற்றிலிருந்து கல்லை இறக்கியது போன்ற நிம்மதி. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. விரல்களைக் கொடுத்தது போதாதென்று, பிள்ளை அம்மாவுக்காக ஒரு மனுஷனையும் கொடுக்கிறாள். இதை வாங்கிக்கொண்டால் இவள் ஆயுசுக்கும் அம்மாவிடம் கோபித்துக்கொள்ளவே முடியாது. கோபத்தை விழுங்கி விழுங்கி, சிரித்துக்கொண்டே இருப்பாள்.

"அது என் கையுறை," என்றாள். "அவ வேணாம்னுதான் சொன்னா. நான்தான் போட்டுக்கச் சொன்னேன்."

தலைமையாசிரியை எழுந்தார். ஆசிரியர் அவர் பின்னால் போனார். மகள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். அம்மா அவள் தோளில் கை வைத்தாள்.

"தொடாதே."

கையை எடுத்துக்கொண்டாள். நாற்காலியைக் கட்டிலுக்கு இன்னும் கிட்டே இழுத்துப் போட்டு, அந்த முதுகைப் பார்த்தபடி உட்கார்ந்தாள்.