பட்டு மாதிரி ஓடுது, பாய்

கரையான்சாவடி மெயின் ரோட்டில் ஹபிபுல்லா பாயின் வாடகைக் கடை இருந்தது. பந்தல், நாற்காலி, அண்டா, ஜெனரேட்டர் என்று ஒரு கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பெண்ணைத் தவிர மற்ற எல்லாமே அங்கே வாடகைக்குக் கிடைக்கும். ஜெகதீசன் அந்தக் கடையில் பதினான்கு வருஷமாக வண்டி ஓட்டினான். புது பிக்கப் வண்டி வரப்போகிறது என்று தெரிந்த நாளிலிருந்து அது தனக்குத்தான் என்று அவன் நம்பிக்கொண்டிருந்தான். யாரும் அப்படிச் சொல்லவில்லை. ஆனாலும் வண்டி வந்த வெள்ளிக்கிழமை, பெட்டி போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போனான்.

பாய் பிஸ்மில்லா சொல்லிக் கதவைத் திறந்தார். ஆட்கள் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். அதன் பிறகு பாய் சாவியை எடுத்து சிம்ரனிடம் கொடுத்தார்.

சிம்ரன் கடைக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஆவடிப் பெண், இருபத்தைந்து வயது. அதற்கு முன்னால் ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

ஜெகதீசன் முகம் போன போக்கைப் பாய் கவனித்திருக்க வேண்டும். தோளில் கை போட்டுச் சொன்னார். "ஜெகா, உன் பழைய வண்டி உன்னத் தவிர எவன் பேச்சையும் கேக்காதுப்பா. ரெண்டாவது கியரு உன் கைக்குத்தான் வுழும். இது புதுசு, யார்கிட்டயும் ஓடும். அந்தப் பொண்ணு எடுக்கட்டும்."

"அதுக்கின்னா பாய், எட்த்துக்கட்டும்" என்றான் ஜெகதீசன்.

அன்று தொடங்கியது அவன் புகைச்சல். அவள் வண்டியைக் கழுவினால், சோப்பு அதிகம் என்பான். சீட்டுக்கு உறை போட்டால், கல்யாணப் பெண் மாதிரி சிங்காரிக்கிறாள் என்பான். அவள் ஒரே முறையில் ரிவர்ஸ் எடுத்து மண்டபத்து வாசலில் ஒட்டி நிறுத்திவிட்டால், அன்று அவனுக்குச் சோறு இறங்காது. வீட்டிலும் அதே புராணம்தான். ஒருநாள் அவன் மனைவி ஹேமாவதி தட்டில் குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்டாள். "அந்தப் பொண்ணு பேர ஒரு நாளைக்கு எத்தினி தபா சொல்றே, தெரியுமா? கல்யாணம் ஆன புதுசுல என் பேரக்கூட நீ இத்தினி தபா சொன்னதில்ல."

ஒரு மாதம் போனது. ஒருநாள் சிம்ரன் கலவரத்தோடு கடைக்கு வந்தாள். "பாய், வண்டி தானா ரேஸ் ஆவுது. கியர் மாத்தக் கிளட்ச் மிதிக்கிறேன், ஆக்சிலேட்டர்ல காலே இல்ல, இஞ்சின் கத்திகினு எகிறுது. அப்பால தானா அடங்கிடுது."

பாய் வண்டியைக் கம்பெனி சர்வீஸுக்கு அனுப்பினார். அவர்கள் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு ஒரு கோளாறும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கடையில் சிரிப்பு கிளம்பியது. முதலில் சிரித்தவன் ஜெகதீசன். "கிளட்ச்சோட சேத்து ஆக்சிலேட்டரையும் மிதிச்சா ரேஸ் ஆவாம இன்னா ஆவும்? ஸ்கூல் வேன் பழக்கம் போலக் கீது." அவன் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. அப்போது அவன் நிஜமாகவே அப்படித்தான் நினைத்தான்.

அடுத்த வாரம் சிம்ரன் இரண்டு நாள் லீவு போட்டாள். அயனம்பாக்கத்தில் ஒரு காதுகுத்து. இருநூறு நாற்காலி போக வேண்டும். பாய் புது வண்டியின் சாவியை ஜெகதீசனிடம் நீட்டினார்.

கதவைச் சாத்தியதும் புது பிளாஸ்டிக் வாசனை மூக்கில் ஏறியது. ஸ்டியரிங் ஒரு விரலுக்குத் திரும்பியது. இப்படி ஒரு வண்டியைத் தனக்குக் கொடுக்காமல் போனார்களே என்ற எண்ணத்தோடேயே ஏரிக்கரை ரோடு வரைக்கும் வந்துவிட்டான். அங்கே ஒரு மாடு குறுக்கே வந்தது. வேகத்தைக் குறைத்து, இரண்டாவது கியருக்கு மாற்றக் கிளட்ச்சை மிதித்தான்.

இஞ்சின் அலறியது. அவன் வலது கால் பிரேக் மேல் இருந்தது. ஆக்சிலேட்டரின் பக்கத்தில்கூட இல்லை. மீட்டர் முள் நாலாயிரத்தைத் தாண்டி ஏறியது. பின்னால் நாற்காலிகள் தடதடவென்று ஆடின. கிளட்ச்சை விட்டால் வண்டி பாய்ந்துவிடும் என்று தெரிந்தது. காலை அப்படியே வைத்துக்கொண்டு, சாவியைத் திருப்பி அணைத்தான். வண்டி மூச்சு நின்றது போல நின்றது. மாடு அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஏரிப்பக்கம் இறங்கிப் போனது.

ஐந்து நிமிஷம் கழித்துச் சாவியைப் போட்டான். ஒன்றுமே நடக்காதது போல வண்டி முனகிக்கொண்டு ஓடியது.

அந்தப் பெண் சொன்னது அத்தனையும் உண்மை. சாயங்காலம் கடைக்குத் திரும்பும் வரைக்கும் அவன் மனசில் இது ஒன்றுதான் ஓடியது. பாயிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இறங்கினான். ஆனால் பாய், "எப்படிக் கீது ஜெகா வண்டி?" என்று கேட்டபோது, வேறொன்று வாயில் வந்தது.

"பட்டு மாதிரி ஓடுது, பாய்."

அதைத் திருத்திச் சொல்லவும் இல்லை.

சரியாகப் பத்தாவது நாள் ஆவடியில் ஒரு கல்யாண மண்டபம். சிம்ரன் பாத்திரங்களை இறக்க வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தாள். கிளட்ச்சை விடும் நேரத்தில் இஞ்சின் எகிறி வண்டி பின்பக்கமாகப் பாய்ந்தது. வாசலில் கட்டியிருந்த வாழைமரம் இரண்டும் சாய்ந்தன. பெயர்ப் பலகை வைத்த அலங்கார வளைவு மடங்கி விழுந்தது. ஒரு தட்டுப் பூ எடுத்துக்கொண்டு போன பாட்டியம்மா ஒருவர் மயிரிழையில் தப்பினார். யாருக்கும் அடியில்லை. ஆனால் பெண் வீட்டார் அபசகுனம் என்று போட்ட சத்தத்தில் பாய் அங்கேயே கைகூப்பி நின்றார்.

கடைக்கு வந்ததும் பாய் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"நான் மிதிக்கல பாய். சத்தியமா என் கால் அங்க இல்ல" என்றாள் சிம்ரன். சட்டென்று ஜெகதீசன் பக்கம் திரும்பினாள். "அண்ணா, நீங்க அன்னிக்கி ஓட்னீங்களே. உங்களுக்கு இப்டி ஆவலியா? சொல்லுங்கண்ணா."

கடையில் எல்லோரும் அவனைப் பார்த்தார்கள்.

"எனக்கு ஒண்ணும் ஆவலம்மா" என்றான் ஜெகதீசன். அவள் முகத்தைப் பார்க்காமல், மடக்கி வைத்திருந்த ஜமக்காளங்களைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

அப்படியாகப் புது வண்டி ஜெகதீசன் கைக்கு வந்தது. அவனுடைய பழைய வண்டி சிம்ரனுக்குப் போனது.

நினைத்தது கிடைத்தும் சந்தோஷம் மட்டும் வரவில்லை. ஒவ்வொரு முறை கிளட்ச்சை மிதிக்கும்போதும் ஒரு கை தானாகச் சாவிக்குப் போனது. போதாக்குறைக்கு, பழைய வண்டி வேறு மானத்தை வாங்கியது. அவன் ஒருவன் கைக்கே விழும் என்று பேர்வாங்கிய அந்த இரண்டாவது கியர், நான்கே நாளில் அவளுக்கும் விழுந்தது. காலையில் மூன்று தடவை இருமிவிட்டுக் கிளம்பும் வண்டி, அவள் சாவி போட்டால் ஒரே தடவையில் கிளம்பியது. பாய் வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "அந்தப் பழைய வண்டிய என்னமா ஓட்டுது பாரு அந்தப் பொண்ணு. டீசல்கூட கம்மியாத்தான் குடிக்குது" என்றார். ஜெகதீசனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புது வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டு, கண்ணாடியில் தன் பழைய வண்டி அடுத்தவள் கையில் போவதைப் பார்த்தான். கட்டிய பெண்டாட்டி அடுத்தவனோடு சிரித்துப் பேசுவதைப் பார்த்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது.

மூன்றாவது வாரம் அவனுக்கும் வந்தது. அம்பத்தூரில் சாமான் இறக்கிவிட்டுத் திரும்பும்போது, ஒரு சரிவில், முன்னால் ஆட்டோ நின்றிருந்தது. கிளட்ச்சை மிதித்தான். இஞ்சின் அலறியது. பதறி அணைத்து ஸ்டியரிங்கை ஒடித்ததில் வண்டி ஓரத்து மணல் குவியலில் ஏறி நின்றது. ஆட்டோவுக்குள் பள்ளிக்கூடம் விட்டு வரும் மூன்று குழந்தைகள் இருந்தன. அவை திரும்பிப் பார்த்துச் சிரித்தன. ஜெகதீசன் கொஞ்ச நேரம் இறங்கவே இல்லை.

கடைக்கு வந்து பாயிடம் சொன்னான். பாய் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீயே பட்டு மாதிரி ஓடுதுன்னியே ஜெகா. இப்ப நீயும் அதே கத சொல்றியா? வயசாவுதுப்பா உனக்கு. கண்ண செக் பண்ணு."

மூட்டை தூக்குகிற ஆட்கள் சிரித்தார்கள். "அண்ணாத்தே, உனக்கும் ஸ்கூல் வேன் பழக்கமா?" என்றான் ஒருவன்.

அப்போதுதான் சிம்ரன் நாற்காலி அடுக்கிலிருந்து இறங்கி வந்தாள்.

"அவரு பொய் சொல்லல பாய். மெய்யாலுமே ஆவுது. நான் காட்றேன், சாவிய குடுங்க."

வண்டியில் ஏறினாள். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, நியூட்ரலில் வைத்து ஸ்டார்ட் செய்தாள். வலது காலைத் தூக்கி வெளியே, கதவுப் படியில் வைத்துக்கொண்டாள். எல்லோரும் பார்க்க, இடது காலால் கிளட்ச்சை மிதிப்பதும் விடுவதுமாக இருந்தாள். பத்து, பதினைந்து, இருபது. ஒன்றும் ஆகவில்லை. யாரோ கொட்டாவி விட்டார்கள். அவள் நிறுத்தவில்லை. முப்பதுக்கு மேல் எத்தனையாவதோ தெரியாது, இஞ்சின் வீறிட்டுக்கொண்டு எகிறியது. புகை கடைக்குள் வந்தது. பாய் இரண்டடி பின்னால் தள்ளிப் போனார். அவளுடைய வலது கால் எல்லோர் கண்ணுக்கும் தெரிய வெளியே இருந்தது.

கடைக்கு எதிர்த்தாற்போல பட்டறை வைத்திருந்த மெக்கானிக் தசரதனைக் கூப்பிட்டார்கள். அவர் டேஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டு, டார்ச் அடித்து, கொஞ்ச நேரத்தில் ஒரு வயரை விரலால் இழுத்துக் காட்டினார். "இந்தா பாருங்க பாய். ஆக்சிலேட்டர் பெடலுக்குப் போற வயரு இது. கிளிப்பு கயண்டு தொங்குது. கிளட்ச் மிதிக்கிறப்ப இரும்புல ஒரசி ஒரசித் தோல் உரிஞ்சி போயிருக்கு. பட்டா ரேஸ், படலன்னா சும்மா. கம்ப்யூட்டர் மாட்றப்ப படாம இருந்திருக்கும்."

பாய் சிம்ரனைப் பார்த்தார். "மன்னிச்சிரும்மா" என்றார். எல்லோர் முன்னாலும் சொன்னார்.

"பரவால்ல பாய். ஜெகா அண்ணனுக்கும் அன்னிக்கி வந்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும். அவருக்கு இன்னிக்கித்தான வந்திச்சு" என்றாள் அவள். அவள் அதை நம்பித்தான் சொன்னாள்.

அவன் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். யாரும் அவனைக் கேட்கவில்லை. ஆட்டோவுக்குள் திரும்பிப் பார்த்த குழந்தைகளின் முகம்தான் அவனை விடவில்லை.

"அன்னிக்கே வந்திச்சு" என்றான்.

"இன்னாது?" என்றார் பாய்.

"அயனம்பாக்கம் போனப்ப. ஏரிக்கரையில. நான்தான் சொல்லல பாய். வண்டி எனக்கு வரணும்னு..."

சிம்ரன் கத்துவாள் என்று எதிர்பார்த்தான். அவள் கத்தவில்லை. "அந்தப் பாட்டி செத்திருந்தா?" என்று மட்டும் கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்காமல் பழைய வண்டியின் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே போனாள்.

பாய் அவனை வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆனால் ஒரு மாதம் வண்டி கொடுக்கவில்லை. பதினான்கு வருஷத்தில் முதல் தடவையாக ஜெகதீசன் சாமான் ஏற்றி இறக்கினான். ஹேமாவதியிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.

வேப்பம்பட்டில் ஒரு கிரகப்பிரவேசத்துக்குச் சாமான் போக வேண்டிய நாளில், ஆள் போதவில்லை என்று பாய் அவனையே புது வண்டியில் ஏறச் சொன்னார். இப்போது அந்த வண்டியைச் சிம்ரன்தான் மறுபடியும் ஓட்டிக்கொண்டிருந்தாள். திருநின்றவூர் தாண்டி ஒரு மேட்டில் அவள் கிளட்ச்சை மிதித்துக் கியரை மாற்றினாள். சத்தமே இல்லாமல், வெண்ணெய்க்குள் கத்தி போவது போல மாறியது. அதைப் பார்த்ததும் ஜெகதீசனுக்கு அந்த எரிச்சல் மறுபடியும் கிளம்பியது. இவ்வளவுக்குப் பிறகும் போகவில்லையே என்று அவனுக்கே வெட்கமாக இருந்தது.

"நல்லா ஓட்ற" என்றான். சொல்வது கஷ்டமாகத்தான் இருந்தது.

அவள் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியும்" என்றாள். கொஞ்ச தூரம் போன பிறகு, "அங்க இறக்கம் சரியில்ல, ரிவர்ஸ் எடுக்கிறப்ப எறங்கிப் பின்னாடி நில்லுங்க" என்றாள். அண்ணா என்று சொல்லவில்லை.

அவன் சரி என்று தலையாட்டினான்.